கோவிந்தராஜின் வலது கால்

“இன்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க.”

“காலால தள்ளுனேன்னு சொன்னேன். இத்துனூண்டு. அதுக்கு ஏன்டி இந்தக் கத்து கத்தறே?”

“பந்தையா? என் பந்தையாப்பா?”

“பின்ன, பக்கத்து வூட்டுக்காரன் பந்தையா தள்ளுவேன்? அது போயி வேப்பமரத்து வேருக்குள்ள குந்திகினு இருந்துது. நீ தூரத்துல வந்துகினு இருந்தே. அங்கேருந்து யாராலயும் அடிக்க முடியாது. தேருக்குக் கட்டை போடற மாதிரி ஒரு தட்டு தட்டுனேன், வெளிய வந்துட்டுது. அப்பாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுவேன்னு பார்த்தா...”

கீர்த்திகாவின் கையில் இருந்த தோசைத் துண்டு தட்டில் விழுந்தது.

வில்லியனூர் மாட வீதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டிலிருந்து இத்தனை சத்தம் வந்தால், எதிர்வீட்டுக் காசம்மாள் ஏற்கெனவே போட்ட கோலத்தின் மேலேயே இன்னொரு கோலம் போடுவாள். அன்றைக்கும் போட்டாள். புள்ளி எங்கே போகிறது என்று பார்க்காமலே போட்டாள்.

அடுப்படியில் தோசைத் திருப்பியோடு நின்ற சிவகாமசுந்தரிக்கு அதிர்ச்சி ஒன்றல்ல, இரண்டு. புருஷன் இப்படிப் பெருமையாகப் போட்டு உடைப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அது முதலாவது. இரண்டாவது, அடுத்த நொடியில் தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை.

“அவரு சும்மா அளக்கறாரு கீர்த்தி. தள்ளவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அங்கதானே நின்னேன்.”

முந்தின நாள் அவள் அங்கேதான் நின்றாள். மோர்ச் சொம்பும் கையுமாக, அதே வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளி. கோவிந்தராஜின் வலது கால் செருப்போடு நீண்டதையும், பந்து வேரைவிட்டு உருண்டு நல்ல புல்லில் போய் நின்றதையும், அவர் ஒன்றும் அறியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்ததையும் முழுசாகப் பார்த்தாள். பார்த்து, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கோவிந்தராஜ், தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கோல்ப் மைதானம் போட்டபோது தண்ணீர்க் குழாய் சப்ளை செய்யப் போனவர். அது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பத்துப் பேரன் ஒருவர் பாரீஸிலிருந்து திரும்பி வந்து போட்ட மைதானம். கூடவே போன மகள் யாரோ கொடுத்த மட்டையை வாங்கி ஓர் அடி அடித்தாள். அப்படித்தான் இந்த வீட்டுக்குள் கோல்ப் வந்தது. குறைச்சலாக அடிப்பவர்தான் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பார் என்பது கோவிந்தராஜுக்குப் புரியவே ஆறு மாதம் பிடித்தது. நிறைய விற்றால்தான் லாபம் என்று வளர்ந்த குடும்பம்.

சனிக்கிழமை முடிந்த ஜூனியர் போட்டியில் கீர்த்திகா, ஏம்பலத்து ஜோஸ்பினைவிட ஒரே ஓர் அடி குறைவாக அடித்து முதலில் வந்தாள். முதலில் வருகிறவளுக்கு பெங்களூர் பயிற்சி மையத்தில் இரண்டு வருஷத்துக்கு இடம். ஞாயிறு பத்து மணிக்கு மேடையில் அறிவித்துக் கோப்பை கொடுத்தால் முடிவு உறுதி.

அந்த இடத்தை மகளைவிட அதிகமாக எதிர்பார்த்தவள் சிவகாமசுந்தரி. பாகூரில் இருக்கும் நாத்தனார் மகாலட்சுமி, தன் மகன் ராஜ்மோகனுக்கு கீர்த்திகாவைக் கேட்டு ஒரு வருஷமாக வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பூ வைத்துவிடுவோம், கல்யாணத்தை டிகிரிக்கு அப்பால் வைத்துக்கொள்வோம் என்பது அவள் கட்சி. கடைசியில் அக்காவும் தம்பியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இடம் கிடைத்தால் பெண் பெங்களூர் போகட்டும், கல்யாணப் பேச்சே கிடையாது. கிடைக்காவிட்டால் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மைதானத்தில் என்றாலும் சரி, தலையில் பூ வைத்துவிட வேண்டியது.

ஆக, வேப்பமரத்து வேரில் கிடந்தது வெறும் பந்து இல்லை.

“அளந்தேனா?” கோவிந்தராஜுக்கு ரோஷம் வந்தது. “சிவகாமி, நீ பார்த்தேதானே? எங்க வூட்டுக் கால்டி இது. மூணு தலைமுறையா தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடற கால்.”

அதில் பொய் இல்லை. ஊர்த்தேர் வீதி முனையில் திரும்பும்போது, உருளும் சக்கரத்தின் முன்னால் கட்டையை வைத்து, சரியான நேரத்தில் காலால் ஒரு தட்டுத் தட்டி, அவ்வளவு பெரிய தேரைத் திருப்புகிற உரிமை இவர்கள் குடும்பத்துக்கு. தட்டுவதற்கு முன்னால் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கால் போய்விடும். எங்கேயாவது ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் கோவிந்தராஜின் வலது கால் அவரைக் கேட்காமலே நீளும். கடையில் சிமெண்ட் மூட்டை என்றாலும் சரி, தெருவில் யாருடைய ஸ்கூட்டர் என்றாலும் சரி.

“அப்பா, நீங்கதான் என் பையைத் தூக்கினு வந்தீங்க. பை தூக்கறவங்க எது செஞ்சாலும் அது ஆடறவங்க செஞ்ச மாதிரிதான். பந்தை நகத்திட்டு அங்கேருந்து ஆடுனா ரெண்டு அடி சேத்துக்கணும்.”

“என் கால் தட்டுனதுக்கு உனக்கு எதுக்கு அடி?”

“அந்தச் சென்னை மேடம் சொல்லும்போது நீங்க எங்க போயிருந்தீங்க?”

எங்கே போயிருந்தார் என்பது மாட வீதிக்கே தெரியும். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொழில்முறை ஆட்டக்காரர் வந்து பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பாடம் எடுத்தார். அடித்த பிறகு தலையைத் தூக்கிப் பார்க்காதே, பந்து கிளம்பிவிட்டால் அது உன்னுடையது இல்லை என்றார். கெட்ட அடியை அடுத்த பந்துவரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்காதே என்றார். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து ஆடு, யாரும் பார்க்காவிட்டாலும் ஆடு என்றார். இந்த மூன்றாவதைச் சொன்னபோது கோவிந்தராஜ் காதில் போனை வைத்துக்கொண்டு, திருபுவனைக்குப் போக வேண்டிய தகரம் ஏன் போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டின்போது காப்பி குடித்தார்.

சிவகாமசுந்தரி முழுசாகக் கேட்டவள். கேட்டது மட்டுமா, வீட்டிலும் பின்பற்றினாள். சாம்பார் கெட்டுப்போனால் அடுத்த வேளைவரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. மூன்றாவது பாடத்தை மட்டும் இன்று காலையிலிருந்து மறந்திருந்தாள்.

“கீர்த்தி, அம்மா சொல்றதைக் கேளு. அவரு தள்ளல. போயி கோப்பையை வாங்கு. அப்பால வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்.”

“சத்தியமா தள்ளலையா?”

சிவகாமசுந்தரி தோசையைத் திருப்பினாள். அது ஏற்கெனவே திருப்பின தோசை.

ஆம்னி வண்டியில் மூவரும் புறப்பட்டார்கள். பின்சீட்டில் கீர்த்திகா கையுறையின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் சிவகாமசுந்தரியின் பிடரியில் கேட்டது.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் கடலூர் பஸ்கள் வழி அடைத்து நின்றன. அங்கே இன்னோர் அதிர்ச்சி கட்டித் தொங்கியது. கோப்பையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் கோவிந்தராஜ் பிளக்ஸ் வைத்துவிட்டார். ‘கோல்ப் வீராங்கனை கீர்த்திகாவை வாழ்த்தும் தந்தை’ என்று எழுதி, மகள் படம் ஒரு பக்கம், கைகூப்பிய தந்தை படம் மறுபக்கம். தந்தை படம்தான் பெரியது.

“எப்போ கட்டுனீங்க?”

“ராத்திரியே ஆளை அனுப்பிட்டேன். ஏன், எழுத்து சின்னதா இருக்குதா?”

பின்சீட்டில் பட்டை மறுபடி பிரிந்தது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. முன்வரிசையில் மகாலட்சுமி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தாம்பாளம், அதன்மேல் மஞ்சள் துணி. துணியின் ஓரத்தில் மல்லிகைச் சரம் எட்டிப் பார்த்தது. தோற்றால் தேவைப்படும் என்று கையோடு கொண்டுவந்திருக்கிறாள். பக்கத்தில் ராஜ்மோகன், பல் பிடுங்க வந்தவன் மாதிரி.

“வா சிவகாமி. இன்னா மூஞ்சி வாடிக் கெடக்குது? பொண்ணு ஜெயிச்சிட்டா இல்ல?”

“ஜெயிச்சிட்டா அண்ணி.”

“அப்போ இந்தப் பூவை மேடைக்குப் போட்டுட்டுப் போறேன், போ. எனக்கொண்ணும் வருத்தம் இல்ல.” வருத்தம் தாம்பாளம் நிறைய இருந்தது.

சிவகாமசுந்தரி திரும்பிப் பார்த்தபோது கீர்த்திகா பக்கத்தில் இல்லை. நேராக மேடைக்குப் பக்கத்தில் இருந்த மேசைக்குப் போய்விட்டாள். அங்கே போட்டியின் தலைமை நடுவர் சிங்காரவேலு, வெள்ளைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரையும் ‘நீங்க’ என்றே பேசுகிறவர்.

“சார், பன்னெண்டாவது குழியில என் பந்தை அப்பா நகத்திட்டார். எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் சொன்னார். ரெண்டு அடி சேத்துக்குங்க.”

மேசைமேல் இருந்த மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க யாரோ அதை உயிரோடு விட்டிருந்தார்கள். ‘ரெண்டு அடி சேத்துக்குங்க’ பந்தல் முழுக்கக் கேட்டது.

மேடைக்குக் கீழே நின்ற ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா மரியதாஸ் இந்த மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு வெள்ளைச் சட்டையில், மகள் இரண்டாம் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்திருந்தார். கையில் இருந்த டீ அப்படியே நின்றது.

“நீங்க கண்ணால பார்த்தீங்களா?” என்றார் சிங்காரவேலு.

“இல்ல சார். அப்பா சொன்னார்.”

“கூப்பிடுங்க அவரை.”

கோவிந்தராஜ் வந்தார். கடையில் திருப்பிக் கொடுக்க வந்த சாமானைப் பார்க்கிற மாதிரி மகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நான் தள்ளல சார். வூட்ல சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். பொண்ணு நம்பிட்டுது.”

காலையில் எதைப் பெருமையாகச் சொன்னாரோ, அதைப் பத்து மணிக்கு இல்லை என்றார். மூன்று தலைமுறைக் காலை ஒரே வார்த்தையில் மடக்கிக்கொண்டார். மகளுக்காகத்தான். சிவகாமசுந்தரிக்கு அது தெரிந்தது. இருபது வருஷத்தில் அந்த மனிதர் தன் பெருமையை விட்டுக்கொடுத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கீர்த்தி, வுடுடி,” என்றாள் ஜோஸ்பின் அடிக்குரலில். “நேத்து நீதான்டி ஜெயிச்சே.”

“நீ சும்மா இரு ஜோசி.”

சிங்காரவேலு தொப்பியை மேசைமேல் வைத்தார். “பொண்ணு ஆமாங்கறாங்க, ஆனா பார்க்கல. அப்பா இல்லங்கறார். வேற யாராவது அந்த மரத்துக்கிட்ட இருந்தீங்களா?”

கோவிந்தராஜ் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை. கெஞ்சல்கூட இல்லை. தேர் திரும்புகிற நேரத்தில் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கும் ஆளைப் பார்க்கிற பார்வை அது. நீயும் சரியாகப் போடுவாய்தானே என்கிற நிச்சயம்.

‘நான் பார்க்கல’ என்றால் போதும். பெங்களூர். கல்யாணப் பேச்சு கிடையாது. புருஷன் மானம் பந்தலில் நிற்கும். அவள் பார்த்தாள் என்று சொல்ல உலகத்தில் யாரும் கிடையாது. காலையில் ஒருமுறை சொன்ன பொய்தான், இன்னொரு முறை சொல்ல நாக்குக்குப் பழக்கமும் ஆகியிருந்தது.

மகளைப் பார்த்தாள்.

கீர்த்திகா அம்மாவைப் பார்க்கவில்லை. தன் ஷூவின் முன்னால் இருந்த புல்லை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்துவிட்டுத் தலை தூக்காமல் நிற்கும் அதே நிலை. அவள் அடிக்க வேண்டியதை அடித்துவிட்டாள். பந்து கிளம்பிவிட்டது. இனி அது அவளுடையது இல்லை.

“தள்ளுனார்,” என்றாள் சிவகாமசுந்தரி. “வலது கால். நான் மோர்ச் சொம்போட பக்கத்துலதான் நின்னேன். காலையில எம்பொண்ணுகிட்ட இல்லன்னு சொன்னேன். அது பொய்.”

இதுவும் மைக்கில் போனது.

கோவிந்தராஜ் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல.

இரண்டு அடி சேர்ந்தது. ஒரு அடியில் ஜெயித்தவள் ஒரு அடியில் தோற்றாள். ஜோஸ்பினின் பெயரை அறிவித்தபோது அவளுக்கு மேடை ஏற வரவில்லை, மரியதாஸ்தான் முதுகைப் பிடித்துத் தள்ளினார். அவர் கையிலிருந்த டீ வெள்ளைச் சட்டையில் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

சிவகாமசுந்தரி மகாலட்சுமி பக்கம் திரும்பினாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இனித் தாம்பாளம் வரும், மஞ்சள் துணி விலகும், மகள் தலையில் மல்லிகை ஏறும்.

மகாலட்சுமி எழுந்தாள். துணியை இழுத்து நன்றாக மூடினாள்.

“நாலு பேரு எதிர்ல அப்பனைக் காட்டிக் குடுக்கற பொண்ணு. அதுக்கு ஒத்து ஊதற அம்மாக்காரி. எம்புள்ள நாளைக்கு லுங்கிய மாத்திக் கட்டுனாக்கூட மைக்குல சொல்லுவீங்க. எங்களுக்கு வேணாம்மா இந்த சம்பந்தம். டேய் ராஜ்மோகன், வண்டிய எடு.”

ராஜ்மோகன் அவ்வளவு வேகமாக எழுந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. போகிற போக்கில் கீர்த்திகாவிடம் “தேங்க்ஸ்” என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

எந்தக் கல்யாணத்தைத் தடுக்க அந்த இடம் வேண்டும் என்று சிவகாமசுந்தரி தவித்தாளோ, அந்தக் கல்யாணம் அவளைக் கேட்காமலே எழுந்து போனது. இடமும் போனது. நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கீர்த்திகா பந்தலில் அழவில்லை. திரும்பும் வழியில், தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டபோதுதான், தலைக்குமேல் தொங்கிய தன் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு உடைந்தாள். சிவகாமசுந்தரி பின்னால் கையை நீட்டினாள். மகள் அந்தக் கையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“காலையிலயே உண்மையைச் சொல்லியிருந்தா, அப்பா அங்க வந்து பொய் சொல்லியிருக்க மாட்டார்ம்மா.”

கோவிந்தராஜ் வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டு இறங்கினார். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. பிளக்ஸின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு பக்கக் கயிறுதான் அறுந்தது. மகளின் முகம் மடிந்து கீழே விழுந்தது. அவர் முகம் மட்டும் கைகூப்பியபடி தொங்கியது.

அன்று சாயங்காலம் அவர் பேசியது ஒரு வாக்கியம். “எனக்கு எதிரா சாட்சி சொன்னவ கையால எனக்குச் சோறு வேணாம்.” சிவகாமசுந்தரி அதற்கு ஒரு வாக்கியம்கூடச் செலவழிக்கவில்லை. மறுநாள் மகளோடு சுத்துக்கேணியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். காசம்மாள் வாசலில் அன்றைக்கு மூன்று கோலம்.

அதன்பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஜூன் மாதம் ஜோஸ்பின் பெங்களூர் போனாள். போனவள் மறக்கவில்லை. அங்கே பெரிய ஆட்டக்காரர்கள் வந்து சொல்வதையெல்லாம் வாரம் தவறாமல் போனில் கீர்த்திகாவுக்குச் சொல்கிறாள். கீர்த்திகா அதை அறுவடை முடிந்த வயலில் அடித்துப் பார்க்கிறாள். ராஜ்மோகனுக்கு ஆவணியில் கடலூர்ப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. பந்தலில் மைக் வைக்கக் கூடாது என்று மகாலட்சுமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். வைகாசித் தேரில் கோவிந்தராஜ் கட்டையைக் கையால்தான் நகர்த்தினார். தேர் நிலைக்கு வர இருட்டிவிட்டது. ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவர் இல்லாத இடத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

மட்டைப் பை ஆம்னியிலேயே தங்கிவிட்டிருந்தது. அவர்கள் சுத்துக்கேணி போன முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜ் அதைக் கொண்டுவந்து சுத்துக்கேணி வீட்டு வேலியோரம் இறக்கி வைத்தார். உள்ளே வரவில்லை. இருட்டும் முன்னால் வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எதற்கு எடுத்துப் போகிறார் என்று கீர்த்திகாவுக்கு விளங்கவில்லை. சிவகாமசுந்தரிக்கு விளங்கியது. பை இங்கேயே இருந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வருவதற்குக் காரணம் ஏது?

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். காலையில் பையை இறக்கிவிட்டுப் போய், நாலு மணிக்குத் திரும்ப எடுக்க வந்து வேலியோரம் நின்றார். அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து கீர்த்திகா அடித்த பந்து ஒன்று வழிதவறி உருண்டு வந்து, வேலிக்கட்டையில் இடித்து, அவர் வலது காலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

கோவிந்தராஜ் அசையவில்லை. காலைத் தூக்கவில்லை, பின்னால் எடுக்கவும் இல்லை. வெயிலில் அப்படியே நின்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சிவகாமி. ஏ சிவகாமி. வந்து பாரு. நான் தொடல.”

உள்ளே சிவகாமசுந்தரி அடுப்பை அணைத்தாள்.